பச்சை மரத்தில் கூரை: ஆணியா, போல்றா, இரும்புப் பட்டியா, காயும்வரை பொறுப்பதா?

தை மாத மழை ஓய்ந்து வெயில் ஏறியதும் திருகோணமலையில் கூரை வேலைகள் தொடங்கிவிடும். சுவர் எழும்பி நிற்கிறது. ஓடாவியார் (தச்சர்) நாள் குறித்துவிட்டார். மரக்காலையிலிருந்து லொறியில் மரம் வந்து இறங்குகிறது. தொட்டால் குளிர்கிறது, அரிந்த முகத்தில் பச்சை வாசம், ஆணி இறங்கும்போது அதன் ஓரத்தில் ஈரம் கசிகிறது. இதை இப்படியே ஏற்றலாமா, காய வைத்துத்தான் ஏற்ற வேண்டுமா, ஏற்றினால் எதைக் கொண்டு பூட்டுவது என்று வீட்டுக்காரர் அந்த ஒரு கிழமைக்குள் முடிவெடுத்தாக வேண்டும்.

முழு வீட்டுக்கும் ஒரே பதில் தேடுவதில்தான் பிழை தொடங்குகிறது. முடிவை மூட்டு மூட்டாக எடுக்க வேண்டும். ஒவ்வொரு மூட்டிலும் கேட்கவேண்டியது ஒன்றுதான்: காற்று தூக்கும்போது இந்த ஆணி நீளவாக்கில் பிடுங்கப்படுமா, அல்லது குறுக்கே தள்ளப்படுமா? காய்ந்து சுருங்கும் மரம் பிடுங்கும் விசைக்கு எதிரான பிடியைப் பெருமளவு இழக்கிறது. குறுக்கே தள்ளும் விசைக்கு எதிரான பிடியில் இழப்பு பொதுவாக அதைவிடக் குறைவு.

நம் ஊரின் காலக்கணக்கு இதை இன்னும் கடுமையாக்குகிறது. மாசி பங்குனியில் பச்சையாக ஏறிய மரம் வைகாசி முதல் புரட்டாதி வரை கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்றில் காய்கிறது. ஆணிப்பிடி தளர்ந்து முடிகிற நேரத்தில் ஐப்பசி மழை வருகிறது, அதன் பின்னால் சூறாவளிக் காலம். 1964 டிசம்பரில் வட கிழக்கைத் தாக்கிய சூறாவளி, 1978 நவம்பர் 23 இல் மட்டக்களப்பைப் புரட்டிய சூறாவளி, 2020 டிசம்பர் 2 இரவு திருகோணமலைக்கு வடக்கே கரையேறிய புரெவி எல்லாம் நவம்பர், டிசம்பர் என்ற இரண்டு மாதங்களுக்குள் வந்தவை. புதுக்கூரை தன் முதலாவது மாரியைச் சந்திப்பது அதன் ஆணிகள் மிகவும் தளர்ந்திருக்கும் வேளையில்.

மரம் வலுக்கிறது, ஆணி தளர்கிறது

பச்சை மரத்தில் இரண்டு வகை நீர் இருக்கிறது. ஒன்று நார்க்குழல்களின் உள்வெளியில் தேங்கிய நீர். மற்றது குழலின் சுவருக்குள்ளேயே ஊறிய நீர். முதலாவது வெளியேறும்போது மரத்தின் எடை குறையும், அளவு குறையாது. ஈரம் ஏறத்தாழ 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் சுவர் நீர் வெளியேறத் தொடங்கி மரம் சுருங்குகிறது. மேலே சொன்ன சதவீதம் காய்ந்த மரத்தின் எடைக்கு எதிரான கணக்கு. அதனால்தான் பச்சை மரத்தில் 60, 80 என்றும் வாசிப்பு வரும்.

சுருக்கம் எல்லாத் திசையிலும் ஒன்றல்ல. நீளவாக்கில் 0.1 முதல் 0.2 சதவீதம், அதாவது கணக்கில் எடுக்கத் தேவையில்லை. ஆண்டு வளையத்தைத் தழுவிச் செல்லும் திசையில் சுருக்கம் மிக அதிகம், நடுவிலிருந்து வெளியே போகும் திசையில் அதன் பாதியளவு. தேக்கு அடக்கமான மரம். அதிலேயே பச்சையிலிருந்து முழுக்கக் காயும்வரை முதற்திசையில் 5.8 சதவீதமும் மற்றதில் 2.5 சதவீதமும் சுருங்கும். கணக்குக்கு 6 சதவீதம் என்று எடுப்போம். 30 இலிருந்து 12 சதவீத ஈரத்துக்கு இறங்கினால் 6 இல் ஐந்தில் மூன்று பங்கு, 3.6 சதவீதம் சுருங்கும். 150 மில்லிமீற்றர் வளை (கூரையைத் தாங்கும் கிடைமரம்) 5.4 மில்லிமீற்றர் ஒடுங்கும்.

அதே காய்தலில் மரத்தின் சொந்த வலிமை ஏறுகிறது. காய்ந்த மரம் வளைவுக்கும் அழுத்தத்துக்கும் பச்சை மரத்தைவிட நன்றாக நின்றுபிடிக்கும். இதனால்தான் "காயக் காய மரம் இறுகும், கவலைப்படாதேயுங்கோ" என்ற பேச்சு நிலைத்திருக்கிறது. மரத்தைப் பற்றி அது சரி. மூட்டைப் பற்றி அது தவறு.

ஆணி எப்படிப் பிடிக்கிறது என்று பார்த்தால் காரணம் விளங்கும். ஆணி இறங்கும்போது நார்களை விலக்குகிறது. விலகிய நார் மீண்டு வர முயன்று ஆணியின் உடம்பை இருபுறமும் அழுத்துகிறது. சாதாரணக் கம்பி ஆணிக்கு அந்த உராய்வைத் தவிர வேறு பிடி இல்லை. பச்சை நார் ஈரத்தில் மெத்தென்று இருக்கும். அது விலகிய நிலையிலேயே இளகி, அந்த வடிவிலேயே காய்ந்துபோகிறது. மீண்டு வரும் முயற்சி ஓய்கிறது, அழுத்தம் போகிறது. கூடவே ஆணியை ஒட்டி நாரோட்டத்தில் ஒரு மயிரிழை வெடிப்பும் விழுந்தால் பிடி இன்னும் குறையும். பச்சையில் அடித்த உடனே பிடுங்கிப் பார்த்தால் ஆணி இறுக்கமாகத்தான் இருக்கும். அந்த முதல் நாள் இறுக்கத்தைப் பார்த்துத்தான் பலரும் திருப்திப்படுகிறார்கள்.

எவ்வளவு குறையும்? பச்சையில் அடித்துக் காய்ந்த மரத்தில் வெற்று ஆணியின் பிடுங்குவலிமை நான்கில் ஒரு பங்கு வரை இறங்கலாம் என்பது அமெரிக்க ஆய்வுகூடங்களின் நீண்டகால அனுபவம். அங்குள்ள மர வடிவமைப்பு விதிநூல் அதையே 0.25 என்ற பெருக்கியாக வைத்திருக்கிறது. ஐரோப்பிய விதிநூல் மூன்றில் இரண்டு பங்காகக் குறைக்கச் சொல்கிறது, ஆனால் வெற்று ஆணியை நிரந்தரப் பிடுங்குசுமைக்குப் பயன்படுத்தவே கூடாது என்றும் தடுக்கிறது.

நம் கூரைக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். மணிக்கு 90 கிலோமீற்றர் காற்று ஒரு சதுர மீற்றரில் ஏறத்தாழ 39 கிலோ அழுத்தம் தரும். கூரையின் விளிம்பிலும் மூலையிலும் உறிஞ்சல் அதன் இரட்டிப்பு என்று எடுத்தால் 78 கிலோ. அஸ்பெஸ்ரஸ் கூரைச் சீற்றின் சொந்த எடை சதுர மீற்றருக்குச் சுமார் 15 கிலோதான், மீதி 63 கிலோ மேல்நோக்கி இழுக்கும். கைமரம் (முகட்டிலிருந்து சுவருக்குச் சரியும் மரம்) 1.2 மீற்றர் இடைவெளியிலும் சீற்றுத் தாங்கும் குறுக்குமரம் 1.2 மீற்றர் இடைவெளியிலும் இருந்தால், அவை சந்திக்கும் ஒவ்வொரு மூட்டும் 90 கிலோ அளவு இழுப்பைத் தாங்க வேண்டும். 4 மில்லிமீற்றர் தடித்த 100 மில்லிமீற்றர் ஆணி, கைமரத்துக்குள் 50 மில்லிமீற்றர் இறங்கியிருக்கிறது, மரம் நல்ல வைரம் என்று வைத்துக்கொண்டால், அமெரிக்கச் சூத்திரப்படி குறுகிய நேரக் காற்றுக்கு ஓர் ஆணிக்கு 127 கிலோ வரை நம்பலாம். இரண்டு ஆணி போட்டால் 254. பச்சையில் அடித்துக் காய்ந்தபின் அதே இரண்டு ஆணிக்கும் சேர்த்து 64 கிலோதான். மூலை மூட்டுக்குத் தேவை 90. ஓட்டுக்கூரையில் ஓட்டின் பாரம் பெரும்பங்கை ஈடுகட்டுகிறது. சீற்றுக்கூரைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

முதலில் அளந்து பாருங்கள்

மரக்காலையில் "காய்ந்த மரம்" என்றால் பெரும்பாலும் வெயிலில் சில கிழமை நின்ற மரம். மேற்பரப்பு வெளுத்திருக்கும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். இரு முள் கொண்ட ஈரமானி வாங்கவோ இரவல் எடுக்கவோ முடிந்தால், மரத்தின் நுனியிலிருந்து அரை மீற்றர் தள்ளி, நாரோட்டத்தின் திசையில் முள்ளைப் பதியுங்கள். நுனி முதலில் காயும் என்பதால் அங்கே எடுத்த அளவு ஏமாற்றும். இந்தக் கருவிகள் 28 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொல்லாது. 35 என்று காட்டினால் "பச்சை" என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கருவி இல்லாதவர்களுக்குத் தராசும் அடுப்பும் போதும். நுனியிலிருந்து அரை மீற்றர் தள்ளி 25 மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு வில்லை வெட்டி உடனே நிறுங்கள். 103 பாகை செல்சியஸ் வெப்பத்தில் எடை மாறாமல் நிற்கும்வரை, பொதுவாக ஒரு நாள், காய வையுங்கள். ஈர எடை 164 கிராம், காய்ந்த எடை 120 கிராம் என்றால், குறைந்த 44 ஐ 120 ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 37 சதவீதம். மரம் பச்சை.

போய்ச் சேரவேண்டிய இடம் எது? காற்றின் ஈரப்பதன் 65 சதவீதமாக இருக்கும்போது மரம் ஏறத்தாழ 12 இல் நின்றுவிடும், 80 ஆக இருக்கும்போது 16 க்கு அருகில். கூரையின் உட்புறம் சூடாக இருப்பதால் நம் ஊரில் கச்சான் முடிகிறபோது மரம் 12 ஐ ஒட்டியிருக்கும், மாரியில் சற்று ஏறும். ஆகவே 15, 16 சதவீதத்தில் ஏற்றிய மரம் அதன்பின் அதிகம் அசையாது. 19 க்கு மேல் இருந்தால் பச்சை என்று கணக்கிட்டே மூட்டைத் தீர்மானியுங்கள்.

காயும்வரை பொறுப்பது

சந்தேகமே இல்லாமல் இதுதான் சிறந்த வழி, ஆனால் எல்லா மரத்துக்கும் இது நடைமுறையில் சாத்தியமில்லை. காயும் காலம் தடிப்போடு மிக வேகமாகக் கூடும். 25 மில்லிமீற்றர் சலாகை (ஓடு தாங்கும் மெல்லிய மரம்) கச்சான் காலத்தில் நிழலில் இரண்டு, மூன்று மாதத்துக்குள் தேறிவிடும். 50 மில்லிமீற்றர் கைமரத்துக்கு நான்கு முதல் ஆறு மாதம், பாலை முதிரை போன்ற கனமரத்தில் இன்னும் கூட. 100 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட வளைக்கு ஓராண்டு போதாது. சுவர்வளைக்காக (சுவரின் மேல் கிடக்கும் வளை) ஒரு குடும்பத்தை ஓராண்டு வாடகை வீட்டில் இருக்கச் சொல்ல முடியாது.

காய வைக்கிற முறை தவறினால் காய வைத்ததே வீண். நிலத்திலிருந்து 300 மில்லிமீற்றராவது உயர்த்தி, 25 மில்லிமீற்றர் இடைக்கட்டைகளை 500 மில்லிமீற்றருக்கு ஒன்றாக, கீழிருந்து மேல்வரை ஒரே நேர்கோட்டில் வைத்து அடுக்குங்கள். நேர்கோடு பிசகினால் அந்த இடத்தில் மரம் கோணும். வெட்டிய அன்றே இரு நுனிகளுக்கும் கெட்டியான பெயின்ற் அல்லது உருக்கிய மெழுகு பூசுங்கள். இல்லாவிட்டால் நுனி வெடித்து ஒவ்வொரு மரத்திலும் ஒரு அடி கழிவாகும். கச்சான் நேரே அடிக்கும் பக்கத்தைக் கிடுகால் மறையுங்கள். சூடான காற்று நேரே பட்டால் தோல் சுருங்கி உள்ளே ஈரம் அடைபட்டு முகமெல்லாம் வெடிக்கும். அடுக்கில் ஒரு துண்டை அடையாளமிட்டுக் கிழமைக்கு ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். அடுத்தடுத்த கிழமைகளில் எடை மாறாமல் நின்றால் மரம் காற்றோடு சமநிலைக்கு நெருங்கிவிட்டது.

பழைய வீடு இடித்த மரம் இந்தக் காத்திருப்பை முழுக்க மிச்சப்படுத்தும். அது எப்போதோ சுருங்கி முடிந்தது. பூச்சியும் பழைய ஆணித்துளைகளும் இல்லாத பகுதியைத் தேர்ந்தெடுத்தால் சுவர்வளைக்கு அதைவிட நல்ல மரம் இல்லை. பலா, ஈரப்பலா, பெண்பனை போன்றவற்றை வெட்ட அனுமதி எடுக்கவேண்டிய நாட்டில் இந்த வழிக்கு இன்னொரு நன்மையும் உண்டு.

ஆணியோடு போவதென்றால்

பச்சை மரத்தில் வெற்று ஆணியை நேராக அடித்துவிட்டு மறந்துவிடுவதுதான் எல்லா வழிகளிலும் மோசமானது. ஒரு வருடத்தின் பின் அப்படிப்பட்ட மூட்டைக் கிட்டப் போய்ப் பார்த்தால் ஆணித்தலை ஒன்றிரண்டு மில்லிமீற்றர் எழும்பி நிற்கும். தலைக்கும் மரத்துக்கும் நடுவே விரல்நகம் நுழையும். ஆணியைச் சுற்றிக் கறுத்த வட்டம் ஒன்று இருக்கும். ஈர மரத்தின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து உண்டாக்கிய கறை அது. அந்த வட்டத்துக்குள் மரமே சிதையத் தொடங்கியிருக்கும்.

அதே ஆணியை வேறுவிதமாக அடித்தால் நிலைமை நிறைய மாறும். சரிவாக அடித்த ஆணி காய்தலை நேர் ஆணியைவிட நன்றாகத் தாங்குகிறது. அமெரிக்க விதிநூல் இவ்வகை ஆணிக்கு அந்த 0.25 குறைப்பைக் கேட்பதேயில்லை, சரிவுக்கான வேறு ஒரு சிறு குறைப்போடு விட்டுவிடுகிறது. கைமரம் சுவர்வளையில் உட்காரும் இடத்தில், ஆணி நீளத்தின் மூன்றிலொரு பங்கு உயரத்தில் தொடங்கி, கைமரத்தின் முகத்தோடு 30 பாகைச் சரிவில், இரு புறமும் எதிரெதிராக அடிக்க வேண்டும். 100 மில்லிமீற்றர் ஆணி என்றால் தொடக்கம் 33 மில்லிமீற்றர் மேலே. கனமரத்தில் ஆணித் தடிப்பின் 0.8 பங்கு அளவில் முன்துளை போடாமல் அடித்தால் பிளக்கும். 4 மில்லிமீற்றர் ஆணிக்கு 3.2 மில்லிமீற்றர் துளை.

மறுபுறம் மடித்தடிக்கும் முறை இன்னும் நல்லது, அதை ஓடாவிமார் கைவிட்டுவருவது வருத்தத்துக்குரியது. ஆணியை இரு மரத்தையும் கடந்து மறுபுறம் 12 மில்லிமீற்றராவது வெளிவரும்படி எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தலைப்பக்கம் கனமான சுத்தியலைத் தாங்கிப் பிடிக்க, மற்றவர் வெளிவந்த நுனியை நாரோட்டத்துக்குக் குறுக்கே மடித்து, மரத்தில் பதியும்வரை தட்டி இறக்க வேண்டும். நாரோடு மடித்தால் நுனி நாரைப் பிளந்துகொண்டு இளகும். குறுக்கே மடித்தால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகப் பிடிக்கும். பச்சையில் அடித்துக் காயும் மரத்தில், மடித்த ஆணியின் பிடுங்குவலிமை மடிக்காத ஆணியைவிட 250 முதல் 460 சதவீதம் அதிகம் என்று அளந்திருக்கிறார்கள். இங்கே பிடி உராய்விலிருந்து கொக்கிக்கு மாறிவிடுகிறது. மரம் சுருங்கினால் மூட்டு சற்று ஆடும், கழன்று வராது. இரு பலகை சேர்த்த முக்கோணச் சட்டங்களுக்கு இதைவிட மலிவான நல்ல வழி கிடையாது. கைமரத்தில் சலாகைக்கு மட்டும் இது பொருந்தாது, ஆணி மறுபுறம் எட்டாது.

வளைய வரி போட்ட ஆணியும் முறுக்காணியும் திருகாணியும் ஒரே வகையைச் சேர்ந்தவை. நார் அவற்றின் வரிக்குள் பூட்டிக்கொள்வதால் சுருங்கினாலும் பிடி நிற்கும். பச்சையில் ஏறிக் காயும் மரத்தில் திருகாணியின் பிடுங்குவலிமையை அமெரிக்க விதிநூல் குறைக்கச் சொல்வதில்லை. ஆனால் கறுப்பு நிறச் சீலிங் திருகாணியைக் கூரைமரத்துக்குப் போடாதீர்கள். அது கடினமானது, நொறுங்கும். மரம் சுருங்கி அசையும்போது கழுத்தில் உடையும், உடைந்தது வெளியே தெரியாது. கனமரத்தில் திருகாணிக்கு முன்துளை, புரி தவிர்த்த உள்தண்டின் தடிப்பில் பத்தில் ஒன்பது பங்கு.

போல்ற்

வளையும் விட்டமும் கைமரமும் சேரும் பெரிய மூட்டுகளுக்கு போல்ற்தான். போல்ற் குறுக்கே தள்ளப்படுவது, பிடுங்கப்படுவதல்ல. ஒரு மூட்டில் ஒரே போல்ற், அல்லது நாரோட்டத்தில் ஒரே வரிசையில் இரண்டு மூன்று என்றால், மரம் காய்வதால் அதன் வலிமை குறைவதாகக் கணக்கிடத் தேவையில்லை. அகலமான ஒரே இரும்புத் தகட்டில் இரண்டு வரிசை போட்டால் வலிமை 0.4 பங்காகச் சரிகிறது. காரணம் எளிது. வரிசைகளுக்கிடையே நாருக்குக் குறுக்கே 100 மில்லிமீற்றர் என்று வைப்போம். மரம் அந்த இடைவெளியில் 3.6 மில்லிமீற்றர் ஒடுங்க விரும்புகிறது. இரும்பு அசையாது. துளையில் உள்ள இளக்கம் ஒன்றரை மில்லிமீற்றருக்கு மேல் இல்லை. மீதிக்கு மரம் போல்ற் வரிசையில் நெடுக வெடிக்கிறது. "தடித்த தகடு, நிறைய போல்ற், பலமான மூட்டு" என்று எண்ணிச் செய்த வேலை தன்னைத்தானே பிளக்கிறது. தகட்டை வரிசைக்கு ஒன்றாக இரண்டாகப் பிரியுங்கள், அல்லது ஒரு வரிசைத் துளைகளை நாருக்குக் குறுக்கே நீள்துளைகளாக வெட்டுங்கள்.

12 மில்லிமீற்றர் போல்ற்றுக்குத் துளை 13. இழுபடும் மூட்டில் மரநுனியிலிருந்து போல்ற் 84 மில்லிமீற்றருக்குக் குறையாமல், அதாவது தடிப்பின் ஏழு மடங்கு, உள்ளே இருக்க வேண்டும். வாஷர் 36 மில்லிமீற்றர் அகலமும் 3.6 மில்லிமீற்றர் தடிப்பும் கொண்டதாக இருக்கட்டும். கடையில் போல்ற்றோடு தரும் சிறிய வாஷர் காய்ந்து சுருங்கும் மரத்துக்குள் புதைந்துபோகும்.

எல்லோரும் தவறவிடுவது புரியின் நீளம். மூன்று 50 மில்லிமீற்றர் மரம் சேர்ந்த மூட்டு, 150 மில்லிமீற்றர், 5.4 மில்லிமீற்றர் வரை ஒடுங்கும். 12 மில்லிமீற்றர் போல்ற்றின் புரி ஒரு சுற்றுக்கு 1.75 மில்லிமீற்றர் நகரும். ஆகவே நட்டை மூன்று சுற்று இறுக்கவேண்டி வரும். புரி வாஷரின் மட்டத்திலேயே முடிந்திருந்தால் நட் அங்கே முட்டி நின்றுவிடும். இறுக்கியது போல் தோன்றும், மூட்டு இளகியே இருக்கும். வாங்கும்போதே புரி மரத்துக்குள் 10 மில்லிமீற்றராவது போகிற போல்ற்றைப் பார்த்து எடுங்கள். சீலிங் அடிப்பதற்கு முன் எல்லா நட்டுக்கும் கை எட்ட ஒரு வாசல் வையுங்கள். ஏற்றி ஒரு மாதத்தில் ஒருமுறை, மூன்று மாதத்தில் ஒருமுறை, புரட்டாதி முடிவில், மழைக்கு முன், ஒருமுறை இறுக்க வேண்டும். தடித்த வளைகளுக்கு அடுத்த புரட்டாதியிலும். இந்த இறுக்கும் வேலைக்கு யாரும் பொறுப்பெடுக்கப் போவதில்லை என்றால், போல்ற்றின் நன்மை பாதிதான் கிடைக்கும்.

இரும்புப் பட்டி

சுவர்வளையிலிருந்து கைமரத்தின் மேலால் சுற்றிவந்து மறுபுறம் இறங்கும் கல்வனைஸ் பட்டிதான் எங்கள் பார்வையில் பச்சை மரக் கூரைக்குப் போடும் காசுக்கு அதிகப் பயன் தருவது. காற்று மேலே தூக்கும்போது பட்டியின் ஆணிகள் குறுக்கே தள்ளப்படுகின்றன. காயும் மரத்தில் மெல்லிய ஆணிக்கு அமெரிக்க விதிநூலின் பெருக்கி இங்கே 0.7, பிடுங்கப்படும் நேர் ஆணியின் 0.25 இல்லை. பட்டி 25 அல்லது 30 மில்லிமீற்றர் அகலமும் 1 மில்லிமீற்றர் தடிப்பும் இருந்தால் ஒவ்வொரு கையிலும் நான்கு ஆணி போடலாம். ஆணிகளைச் சற்று மாற்றி மாற்றி அடியுங்கள், ஒரே நார்க்கோட்டில் நான்கும் விழுந்தால் பிளவு அங்கே தொடங்கும். சுருங்கும்போது பட்டி மேலே கொஞ்சம் தளரும். அதனால் முதல் ஆண்டு முடிவில் ஒரு கையின் ஆணிகளை எடுத்து இழுத்துப் புதுத்துளையில் அடிப்பது நல்லது. சுவர்வளையே சுவரோடு கட்டப்படாமல் இருந்தால் பட்டி வளையையும் கைமரத்தையும் சேர்த்துக் கட்டிய ஒரே பொட்டலம் மட்டுமே. கொங்கிறீற் வளையத்தில் ஊன்றிய 12 மில்லிமீற்றர் கம்பி ஒன்றரை மீற்றருக்கு ஒன்றாக வளையைப் பிடித்திருக்க வேண்டும்.

நிலாவெளி, உப்புவெளி, குச்சவெளிக் கரையோரத்தில் கடல் உப்பு மெல்லிய பட்டியை விரைவாகத் தின்னும். அங்கே உருக்கிய துத்தநாகத்தில் தோய்த்த, மங்கலான சாம்பல் நிறப் பட்டியும் ஆணியும் வேண்டும். பளபளக்கும் மெல்லிய பூச்சு இரண்டு மாரி தாண்டாது. கடலைப் பார்த்த விளிம்புக்கு 316 தர ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் போட முடிந்தால் போடுங்கள்.

துளையும் கழுந்தும்

பழைய முறையில் ஒரு மரத்தில் சதுரத் துளை, மற்றதில் அதற்குள் நுழையும் கழுந்து, குறுக்கே மரமுளை. முளை நன்கு காய்ந்ததாக, 10 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். மூட்டு மரம் பச்சையாக இருக்கலாம். கழுந்தின் துளையைத் தோள்பக்கமாக 2 மில்லிமீற்றர் தள்ளிப் போட்டால் முளை இறங்கும்போது சற்று வளைந்து கழுந்தை உள்ளே இழுத்துப் பிடிக்கும். மரம் சுருங்கினாலும் அந்த வளைவு இழுவையை விடாது. கைத்திறன் உள்ள ஓடாவியார் கிடைத்தால் தூணுக்கும் விட்டத்துக்கும் அருமையான மூட்டு. காற்றுத் தூக்கலுக்குத் தனியாக இதை நம்ப வேண்டாம், பட்டியும் சேர்க்கவும்.

பனையும் தென்னையும்

இவற்றுக்கு மேலே சொன்ன திசைக்கணக்கு பொருந்தாது. இவற்றில் ஆண்டு வளையமும் இல்லை, நடுவிலிருந்து வெளியோடும் கதிர்நாரும் இல்லை. அதனால் இரு திசையிலும் சுருக்கம் ஏறத்தாழ ஒன்றே. பிரச்சினை வேறு. வெளிப்புற வைரம் இரும்பு மாதிரி, உட்புறச் சோற்றுப்பகுதி காயும்போது குழிந்து பின்வாங்கும். சோற்றில் நிற்கும் ஆணி எதையும் பிடிக்காது. பனங்கைமரத்தில் வைரமுகம் மேலே வரும்படி வைத்து, முன்துளை போட்டு, வைரத்துக்குள் நிற்கும் திருகாணி போடுங்கள்.

எந்த மரத்துக்கு எது

பங்குனியில் கூரை ஏறவேண்டும், மரம் பச்சை என்றால் எங்கள் தெரிவு இது. சலாகையையும் சீற்றுத் தாங்கும் குறுக்குமரத்தையும் மட்டும் முன்கூட்டியே வாங்கிக் காய வையுங்கள். மெல்லியவை என்பதால் விரைவில் காயும், சீற்றைப் பிடிக்கும் ஆணியைக் காற்று நேராகப் பிடுங்குவதும் அவற்றிலிருந்துதான். வேலைக்குப் பல மாதம் முன்பே இவற்றுக்கு மட்டும் காசு ஒதுக்கினால் போதும். கச்சானில் காய்வதைவிட மாரியில் தாமதமாகும் என்பதால் மார்கழி தை மாதங்களில் அடுக்குவோர் கூரையிட்ட இடத்தில் அடுக்குங்கள். இவை காய்ந்திருந்தாலும் கைமரம் பச்சை என்றால், ஆணி நிற்பது கைமரத்துக்குள் என்பதால், குறுக்குமரத்துக்குத் திருகாணி, சலாகைக்கு வரி போட்ட ஆணி. கைமரம் பச்சையாக ஏறலாம், சுவர்வளையில் சரிவாணியும் பட்டியும் சேர்த்து. முகட்டுவளையில் இருபுறக் கைமரத்தையும் மேலால் ஒரே பட்டியில் இணையுங்கள். விட்டத்துக்கு ஒற்றை வரிசை போல்ற். பட்ஜெட் இறுக்கமானால் வளையின் மரத்தரத்தில் ஒரு படி இறங்கிப் பட்டியை வைத்திருங்கள். பட்டியை விட்டுவிட்டு முதிரை வளை வாங்குவதைவிட அது பாதுகாப்பு.

ஏற்கெனவே பச்சையில் ஆணியடித்து ஒரு கச்சான் கடந்த கூரை இருக்கிறதா? எழும்பிய ஆணித்தலையைத் திரும்ப அடித்து இறக்குவதில் பயன் இல்லை. துளை விரிந்துவிட்டது, பிடி திரும்பாது. அந்த ஆணியை அப்படியே விட்டு, 25 மில்லிமீற்றர் தள்ளி, அதே நார்க்கோட்டில் விழாதபடி, முன்துளை போட்டுத் திருகாணி ஏற்றுங்கள். தாழ்வார விளிம்பில் முதல் இரண்டு வரிசைக் குறுக்குமரம், கூரையின் நான்கு மூலை, முகட்டின் இருபுறம் என்ற ஒழுங்கில் தொடங்குங்கள். ஒரே நாளில் முடியாவிட்டாலும் ஐப்பசி மழைக்கு முன் மூலைகளாவது முடிந்திருக்க வேண்டும்.